இரைப்பைக் குறைப்பு அறுவை சிகிச்சை: எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் வாக்கு. அச்செல்வத்தைக் கரைக்கும் நோய்களில் இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் நம் சமுதாயத்தில் முன்னிற்கின்றன. இவ்விரண்டையும் வளர்த்துவிடுவது உடல் பருமன். உணவுக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி, மாத்திரை என அனைத்தையும் செய்து பார்த்தும் எடை குறையாதவர்களுக்கு, இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை இன்று ஒரு வழியாக இருக்கிறது. மருத்துவர்கள் 'பேரியாட்ரிக்' அறுவை சிகிச்சை என்று சொல்வது இதனைத்தான்.

இச்சிகிச்சையைப் பற்றி நம்மவரிடையே இரண்டு வகைப் பேச்சு உண்டு. "ஆபரேஷன் செஞ்சா ஆளே மாறிடலாம்" என்பது ஒன்று. "செஞ்சும் என்ன, மறுபடியும் சதை போட்டிருச்சே, காசுதான் தண்டம்" என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மையே இருக்கிறது. முதல் பேச்சை நம்பிச் சென்றவர், எதிர்பார்த்த அளவு எடை குறையாதபோது இரண்டாவது பேச்சுக்கு ஆளாகிறார். வெட்கப்பட்டு, மருத்துவரைப் பார்ப்பதையும் நிறுத்திவிடுகிறார். உண்மையான ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. எனவே இச்சிகிச்சை எதைத் தரும், எதைத் தராது என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வது நலம். யாரையும் அறுவைக்குத் தூண்டுவதோ தடுப்பதோ இக்கட்டுரையின் நோக்கமன்று.

தோட்டத்து உழைப்பும் இன்றைய உணவும்

நம் வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு தொடங்கியது. அத்தோட்டத்திலும், மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் போன்ற வட சிலாங்கூர்த் தோட்டங்களிலும் நம் தாத்தா பாட்டிமார் உழைத்த உழைப்பு நாம் அறிந்ததே. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, நிரை நிரையாக நடந்து மரம் வெட்டி, பால் வாளியைச் சுமந்து திரும்பியவர்கள் அவர்கள். செம்பனைக்கு மாறிய பின்னர் குலை அறுத்து, உதிரிப் பழம் பொறுக்கினார்கள். அன்று ஒரு தட்டு நிறையச் சோறு உண்டாலும் அது உழைப்பில் கரைந்தது.

இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறார்கள், லோரி ஓட்டுகிறார்கள், காவல் வேலைக்குச் செல்கிறார்கள், கணினி முன் அமர்கிறார்கள். நடை குறைந்துவிட்டது, சோற்றின் அளவு குறையவில்லை. அதற்குமேல் காலையில் ரொட்டி சானாய், மாலையில் பலகாரம், வேளைக்கு ஒரு தே தாரிக்.

2019-ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் நூற்றுக்கு 50.1 பேர் மிகை எடையோ உடல் பருமனோ உடையவர்கள் எனத் தெரிய வந்தது. இந்தியர்களிடையே இது 63.9 பேர். அதே ஆய்வின்படி நாட்டில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது, இந்தியர்களிடையே 31.4 பேருக்கு இருந்தது. 2023-ஆம் ஆண்டு ஆய்வில் மிகை எடை கொண்டோர் நாடளவில் 54.4 பேராகக் கூடியிருந்தனர். ஆகவே இது ஓரிருவரின் சோம்பலால் வந்த குறை அன்று. ஒரு சமுதாயமே வாழ்க்கை முறை மாறியதால் சுமக்கும் சுமை.

அறுவையில் என்ன செய்கிறார்கள்?

இன்று பெரும்பாலும் செய்யப்படுபவை இரண்டு முறைகள். முதலாவது, 'ஸ்லீவ்' எனப்படும் முறை. இதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி அகற்றப்படுகிறது. எஞ்சியது வாழைப்பழம் போன்ற ஒடுங்கிய குழாயாக இருக்கும். இரண்டாவது, 'பைபாஸ்' எனப்படும் மாற்றுவழி முறை. இரைப்பையின் மேற்பகுதியில் முட்டை அளவேயான சிறு பையை உருவாக்கி, அதனை நேராகச் சிறுகுடலோடு இணைத்துவிடுகிறார்கள். 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்னும் அறுவை மருத்துவர் தொடங்கிவைத்த முறையின் வளர்ச்சியே இது.

இரண்டும் இரைப்பையின் கொள்ளளவைக் குறைப்பதோடு நிற்பதில்லை. பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்னும் சுரப்பு இரைப்பையின் மேற்பகுதியில்தான் அதிகம் ஊறுகிறது. ஸ்லீவ் முறையில் அப்பகுதி நீக்கப்படுவதால் பசி தணிகிறது. பைபாஸ் முறையில் உணவு குடலின் கீழ்ப்பகுதியை விரைவில் சென்றடைவதால் 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் சுரப்புகள் கூடுகின்றன.

உயரத்திற்கேற்ற எடையைக் கணிக்கும் பி.எம்.ஐ. என்னும் அளவீட்டைக் கொண்டே யாருக்கு அறுவை பொருந்தும் என முதலில் பார்க்கிறார்கள். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. 1991-ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டி, 40-க்கு மேற்பட்டவர்களுக்கும், வேறு நோய்களோடு 35-க்கு மேற்பட்டவர்களுக்கும் அறுவையைப் பரிந்துரைத்தது. 2022-இல் அனைத்துலக அறுவை மருத்துவர் சங்கங்கள் இந்த எல்லையைத் தளர்த்தின. ஆசிய மக்களுக்கு 27.5 முதலே அறுவையைப் பரிசீலிக்கலாம் என்றன. குறைந்த பருமனிலேயே நம்மவர்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து இனிப்பு நீர் வந்துவிடுவதே காரணம்.

'நூற்றுக்கு அறுபது' என்றால் எதில் அறுபது?

பலர் ஏமாறும் இடம் இதுதான். "நூற்றுக்கு அறுபது, எழுபது விழுக்காடு குறையும்" என்று மருத்துவர் சொல்வார். கேட்பவர் உடல் எடையில் அறுபது விழுக்காடு என்று நினைத்துக்கொள்வார். மருத்துவர் குறிப்பிடுவதோ மிகையாக உள்ள எடையில் அறுபது விழுக்காடு. ஒரு கணக்கின்வழி இதனைத் தெளிவாகக் காண்போம்.

ஒரு பெண்மணியின் உயரம் 150 சென்டிமீட்டர், எடை 95 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பி.எம்.ஐ. 42. மருத்துவர்கள் பி.எம்.ஐ. 25-ஐ எல்லையாகக் கொண்டு கணக்கிட்டால், அவருடைய உயரத்திற்கு எல்லை எடை ஏறத்தாழ 56 கிலோ. அப்படியானால் மிகை எடை 39 கிலோ. முதல் ஆண்டு, ஒன்றரை ஆண்டில் இந்த மிகை எடையில் 65 விழுக்காடு குறைந்தால், குறைவது 25 கிலோ. அவர் 70 கிலோவில் வந்து நிற்பார். 95 கிலோவில் அறுபத்தைந்து விழுக்காடு என்று எண்ணியவர் 33 கிலோவுக்கு வந்துவிடுவோம் என்றல்லவா கற்பனை செய்திருப்பார்!

70 கிலோவில் அவருடைய பி.எம்.ஐ. 31. நம் நாட்டு அளவுகோலின்படி அது இன்னும் பருமனே. அவரைப் பார்க்கும் உறவினர் "இன்னும் கொஞ்சம் குறைக்கணும்" என்றுதான் சொல்வார். ஆனால் 25 கிலோ என்பது ஒரு பெரிய அரிசி மூட்டையின் எடை. அம்மூட்டையை இடையறாது சுமந்த முழங்காலுக்கும் இதயத்திற்கும் அது இறக்கி வைக்கப்பட்டது எவ்வளவு பெரிய விடுதலை!

இரண்டாம் ஆண்டுக்குப் பின்

எடை ஒரே சீராக இறங்குவதில்லை. முதல் ஆறு மாதங்களில் வேகமாகக் குறையும். இடையிடையே இரண்டு மூன்று வாரங்கள் அசையாமல் நிற்கும். பிறகு மெல்ல இறங்கும். பெரும்பாலோர் ஓராண்டுக்கும் இரண்டாண்டுக்கும் இடையில் தங்களின் ஆகக் குறைந்த எடையை அடைகின்றனர். அதன்பின் சில கிலோ திரும்ப ஏறுவது மிகவும் பொதுவானது.

பின்லாந்து நாட்டில் 240 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து நடத்திய ஆய்வின் முடிவுகள் இதனை விளக்கும். ஐந்து ஆண்டுகளுக்குப் பின், ஸ்லீவ் செய்தவர்கள் மிகை எடையில் சராசரியாக 49 விழுக்காட்டையும், பைபாஸ் செய்தவர்கள் 57 விழுக்காட்டையும் குறைத்திருந்தனர். பத்து ஆண்டுகளில் இவை முறையே 43.5, 51.9 விழுக்காடாயின. மேலே கண்ட பெண்மணி ஸ்லீவ் முறையை மேற்கொண்டு, ஐந்தாம் ஆண்டில் இந்தச் சராசரியில் இருந்தால், அவர் எடை 76 கிலோ. அதாவது 95-இல் தொடங்கி, 70-க்கு இறங்கி, 76-இல் நிலைபெற்றவர். அவர் தோற்றவர் அல்லர். உலகெங்கும் இச்சிகிச்சை பெற்றோரின் சராசரியில் நிற்பவர்.

எடை ஏன் திரும்ப ஏறுகிறது? உடல் தன் பழைய எடையை மறப்பதில்லை. எடை குறைந்ததும் பஞ்சம் வந்துவிட்டதாக எண்ணி, எரிக்கும் சக்தியைக் குறைத்துக்கொள்கிறது. பசியையும் மெல்ல மீட்டுக்கொள்கிறது. இது மனவுறுதிக் குறைவால் மட்டும் நேர்வதன்று. இன்று பரவலாகப் பேசப்படும் 'செமாகுளுடைட்' என்னும் எடை குறைப்பு ஊசியிலும் இதே நிலைதான். 2021-இல் வெளியான பெரும் ஆய்வில் அவ்வூசி 68 வாரங்களில் உடல் எடையில் சராசரியாக 14.9 விழுக்காட்டைக் குறைத்தது. ஊசியை நிறுத்தி ஓராண்டு கடந்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. உடல் பருமன் நெடுநாள் நோய். நெடுநாள் கவனிப்பை வேண்டுவது.

இனிப்பு நீர் போய்விடுமா?

அறுவைக்குப் பின் சில நாள்களிலேயே பலருக்குச் சர்க்கரை அளவு இறங்கத் தொடங்கும். இன்சுலின் அளவையும் மாத்திரையையும் மருத்துவர் உடனே குறைப்பதுண்டு. இதைக் கண்டு "இனிப்பு நீர் குணமாகிவிட்டது" என்று தாமாகவே மருந்தை நிறுத்துவோர் உண்டு. அது தவறு.

சுவீடன் நாட்டில் 1987-ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில் 4,047 பேர் பங்கேற்றனர். அவர்களில் பாதிப் பேர் அறுவை செய்துகொண்டவர்கள். இனிப்பு நீர் இருந்து அறுவை செய்துகொண்டவர்களில், இரண்டு ஆண்டுகளில் நூற்றுக்கு 72 பேருக்கு அந்நோய் அடங்கியிருந்தது. பத்து ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை 36 ஆகக் குறைந்தது. நோய் உறங்கியதே அன்றி, மறைந்துவிடவில்லை. புதிதாக நோய் கண்டவர்களுக்கும் இன்சுலின் போடத் தொடங்காதவர்களுக்கும் பலன் அதிகம். இருபது ஆண்டுகளாக இன்சுலின் போடுபவர், மாத்திரையே இல்லாத வாழ்வை எதிர்பார்த்தல் கூடாது. அவருக்கு ஊசியின் அளவு பாதியானாலே பெரும் பயன்தான்.

அதே சுவீடன் ஆய்வின் 2007-ஆம் ஆண்டு அறிக்கை மற்றொன்றையும் சொல்கிறது. ஏறத்தாழ 11 ஆண்டுகளில், அறுவை செய்யாத பிரிவில் 129 பேர் இறந்திருந்தனர். செய்துகொண்ட பிரிவில் 101 பேர். அறுவை செய்தவர்கள் எல்லாரும் மெலிந்த உடலைப் பெறவில்லை. ஆயினும் அவர்களில் கூடுதலானோர் உயிரோடு இருந்தனர்.

சிறிய இரைப்பையும் தே தாரிக்கும்

சுருங்கிய இரைப்பை சோற்றையும் இறைச்சியையும் தடுத்து நிறுத்தும். நீராகச் செல்லும் இனிப்பைத் தடுக்காது. ஒரு கைப்பிடிச் சோற்றுக்கே வயிறு நிறைந்துவிட்டது என்பவர், அரை மணி நேரம் கழித்து ஒரு குவளை தே தாரிக்கை எளிதில் அருந்திவிடுவார். தே தாரிக்கில் சேர்க்கும் கெட்டிப் பாலின் எடையில் பாதிக்கும் மேல் சர்க்கரை. அதன் 100 கிராமில் 320 கலோரி அளவு சக்தி இருக்கிறது. முறுக்கு, பிஸ்கட், ஐஸ்கிரீம் போன்றவையும் அப்படியே கரைந்து இறங்கிவிடும். ஏறிய எடைக்குப் பல வேளைகளில் இவையே காரணம். பைபாஸ் செய்தவர்கள் இனிப்பை அதிகம் உண்டால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு ஆகியவை ஏற்படுவதுண்டு.

நாளொன்றுக்கு 60 கிராம் புரதமாவது தேவை. ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. எனவே தட்டில் முதலில் மீன், கோழி, முட்டை, பருப்பு, தெம்பே ஆகியவற்றை உண்டு, பின்னரே சோற்றைத் தொட வேண்டும். மெதுவாக மென்று உண்ண வேண்டும். உண்ணும்போது நீர் பருகாமல், அரை மணி நேரம் கழித்துப் பருகுவது நல்லது.

சைவ உணவினருக்குக் கூடுதல் கவனம் வேண்டும். பி12 என்னும் உயிர்ச்சத்து இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில்தான் இருக்கிறது. இரைப்பை சிறுத்தபின் அது உடலில் சேர்வது மேலும் குறைகிறது. இனிப்பு நீருக்கு உண்ணும் மெட்ஃபோர்மின் மாத்திரையும் அதனைக் குறைக்கக்கூடும். பி12 குறைந்தால் கால் மரத்துப்போகும், நினைவு தடுமாறும், நரம்புச் சேதம் முற்றிவிட்டால் திரும்பாமலும் போகலாம். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, டி உயிர்ச்சத்து ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். எனவே உயிர்ச்சத்து மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும் வாழ்நாள் முழுதும் தொடர வேண்டியவை. உணவோடு தேநீர் அருந்துவது இரும்புச்சத்து சேர்வதைத் தடுக்கும் என்பதையும் நினைவிற்கொள்க.

தைப்பூசத்திற்கும் புரட்டாசிக்கும் விரதம் இருப்போர் நம்மிடையே பலர். ஒருவேளை மட்டும் உண்ணும் விரதத்தில், சிறிய இரைப்பை கொண்டவருக்குத் தேவையான புரதமும் நீரும் கிடைப்பது அரிது. அறுவைக்குப் பிந்திய முதல் ஆண்டில் இத்தகைய விரதத்தைத் தவிர்ப்பதே நலம். பின்னர் இருக்க விரும்பினால், மருத்துவரிடமும் உணவியல் ஆலோசகரிடமும் சொல்லிவிட்டே இருக்க வேண்டும்.

முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை

முடி உதிர்தல்: மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை பலருக்கு முடி கொட்டும். புரதமும் இரும்பும் போதுமான அளவு இருந்தால் பெரும்பாலும் மீண்டும் வளரும்.

தொங்கும் தோல்: வயிறு, கை, தொடை ஆகிய இடங்களில் தோல் தளர்ந்து தொங்கும். உடற்பயிற்சியால் அது முழுதும் மறையாது. அதற்கு வேறோர் அறுவையே வழி.

கருவுறுதல்: எடை குறைந்ததும் பெண்களுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்புக் கூடும். ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடுமாறு மருத்துவர்கள் கூறுவர். பைபாஸ் செய்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போகலாம். ஆகவே வேறு முறையைக் கேட்டறிய வேண்டும்.

மதுவும் வலி மாத்திரையும்: அறுவைக்குப் பின், சிறிதளவு மதுவும் விரைவில் தலைக்கேறும். சம்சு பழக்கம் உள்ளவர்கள் இதனை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முதுகுவலி, மூட்டுவலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் சில மாத்திரைகள், பைபாஸ் செய்தவர்களுக்குக் குடற்புண்ணை உண்டாக்கும். புகைபிடித்தலும் அவ்வாறே.

அறுவையின் ஆபத்து: இது பெரிய அறுவை. 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 4,776 நோயாளிகளில் 30 நாள்களுக்குள் இறந்தவர்கள் 0.3 விழுக்காட்டினர். தையல் போட்ட இடத்தில் கசிவு, இரத்தப்போக்கு, காலில் இரத்தம் உறைதல் ஆகியவை அரிதாக நேரலாம். விரைவான எடைக்குறைவால் பித்தப்பையில் கல் தோன்றுவதும் உண்டு.

வெற்றியை எதனால் அளப்பது?

தராசு ஒன்றை மட்டும் நம்பினால் மனம் சோர்ந்துவிடும். வேறு சில அளவுகோல்களும் உண்டு. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எவ்வளவு? இரத்த அழுத்த மாத்திரைகள் எத்தனை குறைந்தன? குறட்டையும் இரவில் மூச்சுத் திணறலும் நின்றனவா? இடுப்பளவு எவ்வளவு இறங்கியது? தரையில் அமர்ந்து கைதாங்கல் இன்றி எழ முடிகிறதா? பத்துமலையின் 272 படிகளில் எத்தனை படிகளை நிற்காமல் ஏற முடிகிறது? இவற்றை அறுவைக்கு முன்பே ஒரு புத்தகத்தில் குறித்து வைத்து, ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

கோலசிலாங்கூரிலிருந்து தலைநகர் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ, செராஸிலுள்ள தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ பரிசோதனைக்குச் செல்வதென்றால் ஒரு நாள் சம்பளம் போகும். கூட வர ஓர் ஆள் வேண்டும். சபாக் பெர்ணம் பக்கம் உள்ளவர்களுக்கு இன்னும் தொலைவு. அறுவை நாளன்று காட்டும் அக்கறையைக் குடும்பத்தார் மூன்றாம் ஆண்டுப் பரிசோதனைக்கும் காட்ட வேண்டும். தனியார் மருத்துவமனையில் பல்லாயிரம் வெள்ளி செலவிட்டவர்களும், பின்தொடர் சிகிச்சைக்கு எவ்வளவு ஆகும் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்வது நலம். தொலைவு தடையானால், இரத்தப் பரிசோதனையையும் மருந்தையும் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் பெற முடியுமா என்று கேளுங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, விருந்தில் "ஆபரேஷன் செஞ்சுமா இப்படி?" என்று கேட்காதீர்கள். அச்சொல்லைக் கேட்டவர் மறுமுறை தராசில் ஏற அஞ்சுவார். பிறகு மருத்துவரைப் பார்க்கவும் அஞ்சுவார். எடை ஏறியிருக்கும் நேரமே மருத்துவர் மிகவும் தேவைப்படும் நேரம். உணவைத் திருத்தவும், மருந்து சேர்க்கவும், தேவையானால் மறு அறுவை பற்றி ஆராயவும் இன்று வழிகள் உள்ளன.

அறுவைக்கு ஒப்புதல் கையெழுத்திடும் முன், மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள்: என் உயரத்திற்கும் எடைக்கும் எத்தனை கிலோ குறையலாம்? ஐந்து ஆண்டுகள் கழித்து எவ்வளவில் நிற்கலாம்? என் இனிப்பு நீர் எந்த அளவு அடங்கும்? எந்தெந்தச் சத்து மாத்திரைகள் வாழ்நாள் முழுதும் வேண்டும்? எத்தனை மாதத்திற்கு ஒருமுறை வர வேண்டும்? விடைகளைக் கிலோவிலும் வெள்ளியிலும் தாளில் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்து, குடும்பத்தாரோடு அமர்ந்து படியுங்கள். அதன்பின் எடுக்கும் முடிவு, செய்வதானாலும் செய்யாமல் விடுவதானாலும், தெளிந்த முடிவாக இருக்கும்.